ஆறு எம்.எம்.

தேனி ஸ்கேன் சென்டரின் கண்ணாடிக் கதவு வழியாகப் புகும் பதினோரு மணி வெயில், கூட்டத்தில் போடி ஏலக்காய் வியாபாரி முத்துராஜாவின் வழுக்கையை மட்டும் தேடிப்பிடித்து வறுக்கிறது. நுரையீரலில் புள்ளி மாதிரி ஒரு கட்டி, எட்டு எம்.எம்.மைத் தாண்டினால் ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டுமாம். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. எதிர்க்கடை ஜாஸ்பருக்கும் அதே கட்டிதான். ஆனால் அவர் ரிப்போர்ட்டும் கையுமாக, பரலோகத்தில் பட்டா வாங்கியவர்போல் வெளியே வருகிறார். “ஆறு எம்.எம்.தாண்ணே! ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்னு சொல்லிட்டாக.” முத்துராஜாவின் வயிற்றெரிச்சலில் மேகமலைக்கே டீ போடலாம். “நல்லதுய்யா,” என்று பல்லைக் காட்டுகிறார். மனைவி சொர்ணலதா முந்தானையை விரலில் முறுக்கியபடி, “உங்களுக்கும் ஆறாத்தான் இருக்கும்,” என்கிறாள். “அவன் சரக்கு என்னைக்குடி ஆறைத் தாண்டிருக்கு?” என்று முணுமுணுக்கிறார். முப்பது வருஷமாக ஏலத்தில், ‘என் காய் எட்டு எம்.எம்.முக்குக் குறையாது’ என்று ஜாஸ்பரின் பொடிக்காயைச் சந்தி சிரிக்க வைத்த வாய் அது. உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிடுகிறார்கள். முத்துராஜா எழாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு குச்சனூர் சனீஸ்வரனிடம் பேரம் பேசுகிறார்: “அஞ்சு போதும் சாமி. அவனைவிடச் சின்னதாக் குடு.”