இராமலட்சுமி எழுந்திருக்கும் நேரம்

"பாருய்யா. உன் கண்ணாலயே பாரு. பெறவு நான் பொய் சொல்லுதேன்னு சொல்லாத."

சொக்கம்மாள் கை நீட்டிய இடத்தில் அறைக்கதவு சாத்தியிருந்தது.

பிச்சையா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அச்சன்புதூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் தென்காசிக்கு வந்திருந்தான். அறுபத்து மூன்றாம் வருஷம் ஆனி பிறந்ததுமே சாரல் தொடங்கிவிட்டது. தோள்துண்டு நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

'உன் தங்கச்சிய வந்து கூட்டிட்டுப் போ.' சந்தைக்கு வந்த ஆளிடம் சொல்லியனுப்பியிருந்தாள் தங்கையின் மாமியாரான சொக்கம்மாள். அவனும் அதை நாலு பேர் காதில் விழும்படிதான் வந்து சொன்னான்.

கோயிலில் காலைப் பூசை மணி அடித்து ஓய்ந்துவிட்டது. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கோலம் இருந்தது. இந்த வீட்டு வாசலில் சொக்கம்மாள் போட்ட கோலம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிடந்தது.

"ஏட்டி இராமலட்சுமி! உங்கண்ணன் வந்திருக்காண்ட்டி. இன்னுமா உனக்கு விடியல?"

சொக்கம்மாள் பிச்சையா பக்கம் திரும்பினாள்.

"தெனமும் இதே கூத்துதான். எம்மகன் குத்தாலம் பஸ்ல கண்டக்டர். எட்டு மணிக்கு டூட்டி. அவனையும் எந்திரிக்க விடமாட்டேங்கா."

பக்கத்து வீட்டுப் பேராச்சி கையில் முறத்தோடு வந்து நடையில் நின்றிருந்தாள். "சின்னஞ்சிறுசுக. குளிருதுல்லா" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிச்சையாவுக்குக் காது சுட்டது.

தங்கை மேல்தான் முதலில் கோபம் வந்தது. பிறகு, ஊர்க்காரிக்கு முன்னால் வைத்து மருமகளின் படுக்கையைப் பேசுகிற இந்தப் பொம்பளை மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வளவு பேச்சையும் கேட்டுக்கொண்டு உள்ளே கிடக்கிற தங்கை புருஷன் சிவசைலத்தின் மேல். கட்டினவளை ஊரே சிரிக்கிறது. வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாத ஆம்பளை என்ன ஆம்பளை?

நேரே போய்க் கதவைத் தோளால் இடித்தான். பழைய கொண்டி கழன்றது.

சொக்கம்மாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாய் சுருட்டி வைத்திருந்தது. பானையில் வென்னி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இராமலட்சுமி ஒரு காலைச் சுவரில் உதைத்து ஊன்றி, இரண்டு கைகளாலும் புருஷனின் இடுப்பைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டிருந்தாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாதி எழுந்த நிலையில் நின்றான். பிடரியிலிருந்து இடுப்பு வரை வளையவே இல்லை, மரப்பலகை மாதிரி இருந்தது. முகமெல்லாம் வேர்வை. சத்தம் வெளியே போகாமலிருக்க வாயில் துண்டைக் கடித்திருந்தான்.

"கதவச் சாத்துண்ணே" என்றாள் அவள்.

சாத்தினான்.

"எந்திரிச்சு நாலு எட்டு வச்சிட்டாகன்னா பெறகு பொழுது சாயுத வரைக்கும் ஒண்ணும் தெரியாது. காலையிலதான் பூட்டிக்கிடுது." நனைத்துப் பிழிந்த துணியை அவன் இடுப்பில் அழுத்தியபடியே மூச்சு வாங்கப் பேசினாள். "முதுகெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டுதாம். தீராதுன்னுட்டாரு டாக்டரு. வென்னி ஒத்தடமும் எண்ணெயுந்தான். சீசன்ல டூட்டி முடிஞ்சு அருவியில முதுகக் காட்டிட்டு வந்தா ரெண்டு நாளைக்குத் தேவல."

பிச்சையாவின் கோபம் போகவில்லை. இடம்தான் மாறியது. வெளியே கேட்காதபடி குரலை அடக்கிக் கேட்டான்.

"ஏன் மாப்பிள்ள, இதை உங்கம்மாகிட்ட சொன்னா என்ன? எந்தங்கச்சி எதுக்கு ஊர்ச் சிரிப்பு வாங்கணும்? எங்க வீட்டுல நாதியில்லாமயா கட்டிக் குடுத்தோம்?"

சிவசைலம் துண்டை வாயிலிருந்து எடுத்தான். பல் பதிந்த இடம் ஈரமாக இருந்தது.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்குச்சு மச்சான். வளைஞ்சு வளைஞ்சு, கடைசியில தரையைத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தாக. சாகுத வரைக்கும் எங்கம்மாதான் தூக்கினா, பொரட்டிப்போட்டா." நிறுத்தினான். "எனக்கும் அதுதான்னு தெரிஞ்சா..."

துண்டை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டான்.

"நாந்தான் சொல்லாண்டாம்னேன்" என்றாள் இராமலட்சுமி. "என்னைத் திட்டுத வரைக்கும் அத்தைக்கு வேற கவலை இல்லண்ணே."

வெளியே இருந்து குரல் வந்தது. "என்னய்யா, நீயும் உள்ள போயிப் படுத்துட்டியா?"

பேராச்சி சிரித்தாள்.

பிச்சையா மச்சினனின் கக்கத்தில் கை கொடுத்தான். இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். சிவசைலம் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிமிர்ந்தான். ஒரு எட்டு வைத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு எட்டு. தங்கை எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். போய்ச் சொல்லிவிடாதே என்று கெஞ்சவெல்லாம் இல்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

"பாத்தியா?" என்றாள் சொக்கம்மாள்.

"பாத்தேன் அத்தை."

ஒருமுறை செருமிக்கொண்டு, பேராச்சிக்கும் தெருவுக்கும் கேட்கும்படியாகக் குரலை உயர்த்தினான்.

"அவ சின்னப்புள்ளையிலயே அப்படித்தான். சோம்பேறிக் கழுத. நாங்கதான் செல்லங்குடுத்துக் கெடுத்துட்டோம்."

சொக்கம்மாள் பேராச்சியை ஒரு பார்வை பார்த்தாள். நான் சொல்லவில்லையா என்கிற பார்வை. கொஞ்ச நேரத்தில் அவள் முகம் இளகியது. உள்ளே போய் உட்காரச் சொன்னாள். அடுப்பில் காப்பி இருப்பதாகச் சொன்னாள். பிறகு நினைவு வந்தவளாக, "அப்ப, அவளக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டாள்.

பிச்சையா குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"வேண்டாம் அத்தை" என்றான். "இங்கனயே கெடந்து திட்டு வாங்கட்டும்."