வயரெல்லாம் சரியாத்தான் இருக்கு

ஈரத்துணியைப் பிழிந்து, தோட்டத்து ஆபிசில் மேசைக்கடியில் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே கிளாக்கர் சுதாகரன் ஐயா கம்பியூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன கிளாக்கர், இன்னும் பிரிண்ட் வரல்லையா?" உள்ரூமிலிருந்து தோட்டத்து மேனேஜர் தொரை கேட்டார்.

"இந்தா வந்துருங்க சார்."

வராது. எனக்குத் தெரியும். பிரிண்டருக்குப் போகிற நீல வயர் என் வாளிக்குப் பின்னால் கழன்று கிடந்தது. கழற்றினது நான்தான்.

சும்மா இல்லை. காலையில் தேத்தண்ணி கொண்டுபோனபோது, தொரை சொல்லச் சொல்ல ஐயா நோட்டிஸ் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் கீழ்க்கணக்கு டிவிசனில் இருக்கிற பிள்ளை மடுவத்தை மூடப்போறாங்களாம். வேலைக்குப் போகிற தாய்மாரெல்லாம் இனிமேல் மேக்கணக்கு மடுவத்தில் பிள்ளைகளை விடணுமாம். மேக்கணக்கு ரெண்டு மைல்கட்டைத் தூரம், அதுவும் ஏத்தம். என் மகளுக்கு ஏழு மாசம். இப்போது மடுவம் ஆபிசுக்கு எதிர்த்தாப்போல இருக்கிறது, அழுதால் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். அங்கே கொண்டுபோய் விட்டால்?

தொரைக்கு மாத்தலாகிவிட்டது. பத்து மணிக்கு ஜீப்பு. அதற்கு முன்னால் நோட்டிசில் அவர் கையெழுத்து விழாவிட்டால், திங்கட்கிழமை வருகிற புதுத் தொரைதான் யோசிக்கணும்.

அதனால்தான் வயர்.

ஐயா போனைப் போட்டார். அட்டன் டவுனிலிருந்து லோஜன் பேசினான். பழைய கம்பியூட்டருக்கு இதுதான் சரி என்று லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். போன் சத்தம் எனக்கும் நன்றாகக் கேட்டது.

"அண்ணே, நெட்வேர்க்குல பிரிண்டர் தெரியுதா?"

"தெரியல தம்பி."

"பிங் அடிச்சுப் பாத்தீங்களா?"

"அடிச்சேன். காலைப் பெரட்டுல பேரு கூப்பிட்டு, ஆளு வேலைக்கு வராத மாதிரி இருக்கு. ஒரு பதிலும் இல்ல."

"சரி, அந்தப் பிரிண்டர லிஸ்டுல இருந்து எடுத்துட்டு, புதுசாச் சேருங்க."

"வேலையாள் பேர வெட்டிட்டுத் திரும்பப் பதியிற மாதிரிச் சொல்ற. அதையா எங்க ஆபிசுக்குச் சொல்லித் தர்ற?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அண்ணே, வயர் எல்லாம் சொருகியிருக்கா? குனிஞ்சு பாருங்க."

ஐயா குனிந்தார். கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டு, என்னையும் வாளியையும் நேராகப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"வயரெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி."

அடப் பாவமே! இருபது வருச சர்வீஸ். கண்ணுக்கு முன்னால் கிடக்கிற வயர் தெரியவில்லை. இவரை வைத்துக்கொண்டு இந்த ஆபிசு எப்படித்தான் நடக்கிறதோ.

தொரை வெளியே வந்தார். முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

"கையால எழுதும், கிளாக்கர்!"

"கையால எழுதின நோட்டிச போன தடவை யூனியன் தலைவர் பொன்னையா கிழிச்சுப் போட்டாருங்களே சார்."

"ஒரு கடுதாசி அடிக்கத் தெரியல்ல, நீரெல்லாம் ஒரு கிளாக்கர்! உம்மைப் பத்திப் புது ஆளுக்குச் சொல்லிட்டுத்தான் போவன்."

ஐயா தலையைக் குனிந்துகொண்டு, மறுபடியும் டக்கு டக்கென்று தட்டினார்.

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. நான் செய்த வேலைக்கு அந்த மனுசன் அல்லவா ஏச்சு வாங்குகிறார். பிள்ளை குட்டிக்காரர். மெல்ல வயரை எடுத்தேன்.

"ஏய் புள்ள! அங்க என்ன நோண்டுற? ஈரக்கை வயர்ல படும், எடு கைய!"

தொரைக்கு முன்னாலேயே ஐயா கத்தினார். காலை வேறு நீட்டி, வயர்மேல் சப்பாத்தை வைத்துக்கொண்டார். உதவ வந்தவளுக்கு இதுதான் மரியாதை. போய்யா, நல்லா வாங்கு என்று நினைத்துக்கொண்டு வாளியோடு வெளியே வந்துவிட்டேன்.

பத்து அடித்தது. ஜீப்பு ரெண்டு தரம் ஹோன் அடித்தது. தொரை ஐயாவை முறைத்துவிட்டு ஏறினார். ஜீப்பு வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒன்றும் தெரியாதவள் மாதிரி உள்ளே போய், மேசைக்கடியில் குனிந்து, வயரைச் சொருகினேன்.

கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் கரகரவென்று முழித்துக்கொண்டு, ஒரு தாளைத் துப்பியது. அந்த நோட்டிஸ்தான். கையெழுத்துப் போட ஆளில்லாத நோட்டிஸ் என்று சந்தோசமாக எடுத்தேன். ஆறாம் ஆண்டோடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன்.

'புதிய துரை அவர்களுக்கு, கீழ்க்கணக்குத் தாய்மார் எழுதிக்கொள்வது. எங்கள் பிள்ளை மடுவத்தை மூடாமல், ஒழுகுகிற தகரத்தை மாற்றித் தரும்படி...'

அதற்குக் கீழே, கையெழுத்து வைக்க வரிசையாகக் கோடுகள்.

"ஐயா... நோட்டிஸ்?"

"அத எப்பவோ அழிச்சாச்சு. ஒன்றரை மணித்தியாலமா நான் பிரிண்டரோடயா மல்லுக்கட்டினேன்? இத அடிச்சு அனுப்பிட்டு, நீ எப்ப வயரச் சொருகுவன்னு பாத்துக்கிட்டிருந்தேன்." சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தேய்த்தார். "புடுங்கினா ஒழுங்கா மறைச்சு வைக்கணும் புள்ள. வாளிக்கு வெளிய ஒரு முழம் தெரிஞ்சிச்சு. மிதிச்சு மறைச்சே கால் மரத்துப்போச்சு."

ஐயா பேனாவை நீட்டினார்.

"மொதக் கையெழுத்து ஒன்னோடது."

முதல் கோட்டில் 'நிஷா' வரைக்கும் எழுதியிருப்பேன். எதிர்த்த மடுவத்து வாசலில் நின்று, பிள்ளை பார்க்கிற ராசம்மாக்கா கத்தினாள்.

"அடியே நிஷாந்தி! ஒம் மக பாலுக்குக் கத்துறா, ஓடியா!"

"இந்தா வாறேங்கா! ஐயா, மிச்சப் பேர நான் வந்து எழு—"