மானும் மயிலும்

"தப்பு," என்றார் ராஜாராமன்.

"எது தப்பு?" ஜமீர் பாய்க்குக் காது சிவந்துவிட்டது.

பொழிச்சலூர் பூங்காவில் நாலு பேரும் காலையில் நடக்கத்தான் வருவார்கள். இப்போதெல்லாம் ஒரு சுற்று முடிவதற்குள் பெஞ்சுக்கு வந்து கணக்கு போட ஆரம்பித்துவிடுகிறார்கள். புதிர் கொடுப்பவர் ராஜாராமன், ரிட்டையரான கணக்கு வாத்தியார். விடை சொல்பவர் ஜமீர் பாய், டைல்ஸ் கடையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். பஞ்சாயத்து பண்ண எலியேசரும் முனீரும்.

கணக்கு இதுதான். வண்டலூர் ஜூவில் ஒரு கூண்டு. உள்ளே மானும் மயிலும். தலை முப்பது, கால் எண்பத்து நாலு. மான் எத்தனை, மயில் எத்தனை?

"முப்பதும் மயில்னு வச்சுக்கோங்க. அறுபது கால். இன்னும் இருபத்து நாலு கால் வேணும். மானுக்கு ரெண்டு கால் கூட. அப்ப மான் பன்னிரண்டு, மயில் பதினெட்டு. இதுல என்ன சார் தப்பு?"

ராஜாராமன் கண்ணாடியைத் துடைத்தார். "மயில் சில நேரம் ஒத்தைக் கால்ல நிக்கும். அதை யோசிச்சீங்களா?"

"நின்னா? இன்னொரு காலைக் கழட்டியா வச்சிருக்கும்?" என்றார் முனீர்.

தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. சத்தம் அடங்குவதற்குள் ராஜாராமன் எழுந்துவிட்டார். "நல்லா யோசிங்க பாய். நாளைக்குப் பார்ப்போம்."

ஜமீர் பாய் யோசித்தார். ஹாலில் உட்கார்ந்து யோசித்தார். மொட்டை மாடியில் நடந்து யோசித்தார். மத்தியானம் தட்டில் பட்டாணியை மானாகவும் கேரட்டை மயிலாகவும் பிரித்து வைத்து யோசித்ததில் சோறு ஆறிப்போனது. கடைசியில் பெங்களூரில் இருக்கும் இளைய மகள் மெஹ்ரீனைப் போனில் கூப்பிட்டார்.

"அத்தா, இது அஞ்சாம் கிளாஸ் கணக்கு. நீங்க சொன்னதுதான் சரி."

மறுநாள் பூங்காவுக்குள் நுழையும்போதே குரல் கொடுத்தார். "சார், என் பொண்ணு கம்ப்யூட்டர்லயே போட்டுப் பார்த்துட்டா!"

"கம்ப்யூட்டருக்கு ஜூவைப் பத்தி என்ன தெரியும்? கூண்டுக்குள்ள பெருக்கப் போன ஆளோட காலைச் சேர்த்தீங்களா?"

"அப்ப அவன் தலை?" என்றார் எலியேசர்.

"குனிஞ்சு பெருக்கினான். தலை தெரியலை."

அதற்கடுத்த நாள் ஒரு மயில் முட்டை மேல் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு நாள் ஒரு மான் புதருக்குப் பின்னால் போய்விட்டது. ஜமீர் பாயும் சளைக்காமல் புதரைச் சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை போட்டுக்கொண்டு வந்தார். வாத்தியார் எல்லாவற்றுக்கும் "தப்பு" என்றார்.

அவர் தலை மறைந்ததும் முனீர் சொன்னார், "இவருக்கே கணக்கு தெரியாது போல. இவர்கிட்ட படிச்ச பசங்க என்ன ஆனாங்களோ!"

"தெரியும், தெரியும். ஒத்துக்க மனசு வரலை," என்றார் எலியேசர். "படிச்சவங்களுக்கு வர்ற வியாதி அது."

ஜமீர் பாயும் ஆமாம் என்று தலையாட்டினார்.

சனிக்கிழமை எலியேசர் சாக்பீஸோடு வந்தார். நடைபாதையிலேயே பன்னிரண்டு மான், பதினெட்டு மயில் வரைந்தார். மானுக்கும் மயிலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் கால்கள் தெளிவாக இருந்தன. யோகா செய்ய வந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சுற்றி நின்று எண்ணினார்கள். எண்பத்து நாலு.

"இப்பச் சொல்லுங்க சார். சரியா, தப்பா?"

ராஜாராமன் சுற்றிலும் பார்த்தார். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "சரிதான்," என்றார், வாயைத் திறந்தும் திறக்காமலும்.

ஒரே கைதட்டல். ஜமீர் பாய்க்குக் கடையைத் திறந்த நாளில்கூட இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. வாத்தியாரோ யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனைக் காதில் வைத்தபடி கேட்டைப் பார்த்து ஓடினார்.

'தோத்துட்டா இப்படியா ஓடுவாங்க!' என்று நினைத்துக்கொண்டே, ஜமீர் பாய் சூடாக மெதுவடை வாங்கிக்கொண்டு வீட்டுப் படி ஏறினார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மனைவி ஷபீனா போனில் பேசுவது கேட்டது.

"என்னண்ணா, இப்படிப் பண்ணிட்டீங்க! சரின்னு மட்டும் சொல்லிடாதீங்கன்னு எவ்வளவு கெஞ்சினேன்?"

ஸ்பீக்கரில் ராஜாராமன் குரல். "நான் என்னம்மா பண்றது? கணக்கு தெரியாத வாத்தியார்னு எல்லாரும் சிரிச்சாங்க. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். இன்னைக்குப் படமே போட்டுட்டாங்க."

"கடையை விட்டதுலேருந்து என் கிச்சன்லதாண்ணா நின்னாரு. வெங்காயம் ஏன் ஒரே சைஸ்ல இல்லை, ஃப்ரிட்ஜை ஏன் இத்தனை தடவை திறக்குறே, அடுப்பை ஏன் இவ்வளவு பெருசா எரிய விடுறேன்னு... நீங்க அந்தக் கணக்கைக் குடுத்த அப்புறம்தான் நான் நிம்மதியா உட்கார்ந்து ஒரு டீ குடிச்சேன். இனிமே திரும்ப வந்துடுவாரே!"

ஜமீர் பாய்க்குச் சுரீரென்று கோபம் வந்தது. கதவைத் தள்ளக் கையை ஓங்கியவர், ஷபீனா விட்ட பெருமூச்சைக் கேட்டு அப்படியே நின்றார். முப்பது வருஷமாக அவர் கடைக்குள் வந்து, இந்த டைல்ஸை இங்கே ஏன் அடுக்கியிருக்கீங்க என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினார். கீழ்ப்படியில் உட்கார்ந்து, பூங்கா நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் தட்ட ஆரம்பித்தார்:

"வாத்தியார் முதல்ல சொன்னதுதான் சரி. பெரிய தப்பு பண்ணிட்டேன், இப்பத்தான் புரிஞ்சுது. மறுபடி முதல்லேருந்து போடறேன். கொஞ்ச நாள் ஆகும்."