பின் பிளேட்

"முன் நம்பர் பிளேட் எங்கன்னு கேக்கப் போற, அதானே?" ஜன்னல் கண்ணாடி முழுசாக இறங்குவதற்குள்ளேயே வெர்னன் ஸ்டாம்ப்பர் கத்த ஆரம்பித்துவிட்டார்.

பிக்கப் டிரக் ஓரமாக வந்து நின்ற பெண் போலீஸ் இன்னும் வாயைக்கூடத் திறக்கவில்லை. சட்டையில் குச்செரா என்று பெயர் குத்தியிருந்தாள்.

"எங்க டென்னசியில வண்டிக்கு ஒரே பிளேட்தாம்மா குடுப்பான். அதுவும் பின்னாடி மாட்ட. முன்னாடி மாட்டுன்னா எங்கருந்து மாட்டுவேன், என் நெத்தியில எழுதி ஒட்டிக்கவா? எந்த ஸ்டேட்ல பதிவோ அந்த ஸ்டேட் சட்டம்தான் செல்லும். இதுகூடத் தெரியாம உன் இடுப்புல துப்பாக்கிய யாரு சொருகிவிட்டது?"

கிளம்பிய இரண்டு நாளில் இரண்டு ஊர் போலீஸ் இதே முன் பிளேட்டுக்காக நிறுத்தி, அவர் போட்ட சத்தத்தில் அசடு வழிந்து அனுப்பிவிட்டார்கள். இது மூன்றாவது. மனுஷனுக்கு ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா?

அதுவும் நிறுத்திய இடத்தைப் பாருங்கள்! 'லிங்கன் 9 மைல்' என்ற பலகைக்கு நேர் கீழே.

பக்கத்து சீட்டில் அவர் மனைவி லோர்னா அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கனில்தான் மகள் பெய்ஜ் இருக்கிறாள். அப்பா பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவள். மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

"ஒரே ஒரு மணி நேரங்க. குழந்தையப் பாத்துட்டுப் போயிடலாம்," என்று நாஷ்வில்லில் கிளம்பியதிலிருந்து லோர்னா கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

"நெப்ராஸ்காவுல என் வண்டிச் சக்கரம் நிக்காது. வயோமிங்லதான் நிக்கும்," என்று வெர்னன் ஒரே போடாகப் போட்டுவிட்டார். நேற்று தங்கியதுகூட நெப்ராஸ்கா எல்லை ஆற்றுக்கு அந்தக் கரையில், அயோவாவில். அவ்வளவு பிடிவாதம்.

போதாக்குறைக்கு, காலையில் எழுந்ததிலிருந்தே அவருக்கு எதுவும் சரியில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவலாமென்று கத்தியை எடுத்தால் அதன் முனை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஜாம் பாட்டில் மூடி இறுகிவிட்டதாம், நெம்பினாளாம். முப்பத்தாறு வருஷமாக ஒரு கத்தியை உருப்படியாகப் பிடிக்கத் தெரியவில்லையே என்று லோர்னாவை அதற்கு ஒரு பாட்டம் கரித்துக் கொட்டியிருந்தார்.

"பேசி முடிச்சிட்டீங்களா சார்?" என்றாள் குச்செரா. "அந்தச் சட்டம் எனக்கும் தெரியும். நான் நிறுத்துனது முன் பிளேட்டுக்கு இல்ல. பின்னாடி டிரெய்லர்ல பிளேட் இல்ல."

"என்னது?"

"இறங்கி வந்து பாருங்க."

வெர்னன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் பின்னால் போனார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அடங்கிய இருபத்தெட்டு அடி டிரெய்லர். அதன் முதுகில் பிளேட் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன.

"நேத்து சாயங்காலம் என் கையாலயே தொடச்சேன்! எவனோ ராவோட ராவா கழட்டிட்டான். ராத்திரி தங்கின கேம்ப்ல பக்கத்து டிரெய்லர்க்காரன் ஒருத்தன் இளிச்சு இளிச்சுப் பேசினான். அந்தக் களவாணிப் பயதான்! அவனைப் போய்ப் புடி, என்னை ஏன் புடிக்கிற?"

"யாரு வேணா எடுத்திருக்கட்டும் சார். பிக்கப்போட பின் பிளேட்ட டிரெய்லர் மறைக்குது. டிரெய்லர்லயும் நம்பர் இல்ல. முன்னாடியும் நம்பர் இல்ல. ரோட்டுல போறது யாரு வண்டின்னு எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?"

"அதுக்கு?"

"அடுத்த ரெஸ்ட் ஏரியா வரைக்கும் நான் பின்னாடியே வர்றேன். அங்க ஓரங்கட்டுங்க. இன்னிக்கு சனிக்கிழமை. திங்கக்கிழமை உங்க டென்னசி ஆபீஸ் திறந்து வேற நம்பர் தர்ற வரைக்கும் டிரெய்லர் ஒரு அடி நகரக் கூடாது."

"நெப்ராஸ்காவுலயா? ரெண்டு நாளா?" வெர்னன் கையிலிருந்த வண்டிக் காகிதங்களை டிரெய்லர் மேலேயே ஓங்கி அடித்தார். காற்றில் ஒன்று பறந்து சோளக்காட்டுக்குள் போனது. அதைத் துரத்திக்கொண்டு நாலு எட்டு ஓடி, கிடைக்காமல், மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். கோபத்தில் முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது.

குச்செரா பொறுமையாகவே கேட்டாள். "பக்கத்துல தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா சார்?"

"ஒரு நாயும் இல்ல!"

"இருக்காங்க," என்று ஒரு குரல் வந்தது.

லோர்னா இறங்கி வந்திருந்தாள். தன் பெரிய கைப்பையை இரண்டு கையாலும் மாரோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"லிங்கன்ல என் பொண்ணு இருக்கா மேடம். உங்க கார்ல என்னை அங்க கொண்டுபோய் விட முடியுமா?"

"ஏய்! பேசாம போய் வண்டியில ஏறு!" வெர்னன் அவள் முகத்துக்கு நேராக விரலை நீட்டினார். "என் பிளேட் காணாமப் போய் நானே வயிறெரிஞ்சு நிக்கிறேன். இந்த நேரத்துல உனக்குப் பொண்ணு கேக்குதா?"

லோர்னா அவரை நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தாறு வருஷத்தில் அந்தக் கண்ணில் இவ்வளவு கோபத்தை வெர்னன் பார்த்ததே இல்லை.

"கத்தாத. பிளேட் என் பையிலதான் இருக்கு. பேத்தியப் பாத்துட்டு வந்து தர்றேன்."