பட்டினி வரிசை

“உரம் போடாதேன்னு சொன்னேனா இல்லையா?”

“நான் போடலைன்னு எத்தனை தடவைம்மா—”

“அப்ப இது வானத்துல இருந்தா வந்துச்சு? வேலி பயிரை மேயும்னுதான் கேட்டிருக்கேன். வேலியே பயிருக்கு ஊட்டிவிட்டு இப்பதாண்ணா பாக்கறேன்!”

“கத்தாதே. வீடு இருக்கற நெலமையில...”

தங்கை காதில் வாங்கவில்லை. அண்ணன் தோட்டத்தில் இந்த ஒரு வரிசைத் திராட்சையைத்தான் ஆராய்ச்சிக்கென்று கேட்டு வாங்கியிருந்தாள்.

தழைச்சத்தைப் பொட்டுக்கூடக் காட்டாமல் கொடியைப் பட்டினி போட வேண்டும். பசி முற்றினால் உள்ளே உறங்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். நொதிகள் வேலையைத் தொடங்கும். முதிர்ந்த இலை தன்னையே கரைத்துக் குருத்துக்கு ஊட்டும்.

அதை அளந்து காட்டினால்தான் அவளுக்குப் பட்டம்.

கொடிகளெல்லாம் அவள் நினைத்தபடியே வெளிறிக் கிடந்தன. வீட்டின் பின்வாசலை ஒட்டிய கடைசிக் கொடி மட்டும் கருகருவென்று தழைத்து நின்றது.

“ஒண்ணு கெட்டா வரிசையே செல்லாதுண்ணா. ரெண்டு வருஷம் மண்ணாப் போச்சு.”

குத்துக்காலிட்டு அடிமண்ணைக் கிளறினாள். உர மணி ஒன்றுகூட இல்லை. எறும்புகள் சாரை பிடித்திருந்தன. ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். புளித்த வாடை.

“கெட்டுப்போன தயிரையா கொண்டாந்து கொட்டினே?”

அண்ணன் பார்வை அவள் தலைக்கு மேலே போய் நின்றது.

திரும்பிப் பார்த்தாள்.

பின்வாசல் படியில் அண்ணி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அறையைவிட்டே நகர்வதில்லை என்றுதான் இவளிடம் சொல்லியிருந்தார்கள். மார்பைத் துண்டால் இறுக்கிப் போர்த்தியிருந்தாள். கையில் ஒரு டம்ளர். அதன் வாயை உள்ளங்கை மூடியிருந்தது.

“நீ உள்ள போம்மா,” என்றான் அண்ணன்.

அண்ணி போகவில்லை. படியிறங்கி வந்து, நாத்தனாரின் கையிலிருந்த மண்ணையே பார்த்தாள்.

“அவரைத் திட்டாதே. நான்தான். பிள்ளை போனது இந்த உடம்புக்குத் தெரியலையே, வேளாவேளைக்குச் சுரந்துடுது. சாக்கடையில கொட்ட மனசு வரலை. இங்கயும் வேணாம்னா... வேற எங்க கொண்டுபோய் ஊத்தட்டும், சொல்லு?”