பாய்மரத்துக்கு மாலை

தனசேகரன் சிங்கப்பூர்த் தேக்காச் சந்தையில் வாங்கிய சாமந்தி மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு படகில் ஏறினார்.

ஆயுத பூசை. காருக்குப் போடுவதுபோலப் படகின் மூக்கில் போட்டால் ஆகாதா? ஆகாதாம். மாலை பாய்மரத்தின் உச்சியில் ஏற வேண்டுமாம். அதற்காக இருபத்தைந்தடி மரத்தைச் சாய்க்க வேண்டுமாம்.

சாய்ப்பது பெரிய வித்தை அல்ல. மரத்தின் அடியில், கதவுக்கு இருப்பதுபோல ஒரு கீல் உண்டு. முன் கம்பியைக் கழற்றி, அந்த இடத்தில் கயிறு கட்டி மெல்ல விட்டால் மரம் பின்பக்கமாகப் படுத்துக்கொள்ளும். இரண்டு பக்கக் கம்பிகளில் மட்டும் கைவைக்கக் கூடாது. அவற்றை அவிழ்த்தால் மரம் பக்கவாட்டில் சுழன்று, கீலைப் பெயர்த்துக்கொண்டு, கீழே நிற்பவன் தலையில் இறங்கும்.

மேதாவி பக்கக் கம்பிகளைத்தான் முதலில் அவிழ்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். பொங்கோல் படகுப் பட்டறையில் பதினெட்டு வருடம் கிடப்பவன், திறக்கலாம் அல்லவா?

“எல்லாக் கம்பியையும் கழட்டுனாதான்டா கீழ வரும். நான் இன்ஜினியர் லா. சவரி, நீ கயித்தப் பிடி!”

ஏசி மாட்டும் ஏர்கான் கம்பெனியில் இன்ஜினியர். படகு வாங்கி மூன்று மாதம் ஆகிறது. வெள்ளைத் தொப்பியை அதற்கு முந்தின வாரமே வாங்கிவிட்டார். படகு இன்னும் முழுசாக ஒரு மைல் போகவில்லை.

சரி, பட்டால்தான் புத்தி வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். மரம் உடையட்டும். தொப்பி நசுங்கட்டும். தொப்பிக்குள் ஒரு தலை இருப்பதை நான் நினைக்கவில்லை. நினைக்காததுபோல இருந்தேன் என்பதுதான் உண்மை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பூசை பார்க்கிறவன் நான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அப்போது எனக்கு இனித்தது.

அவர் முன் கம்பியையும் கழற்றிக் கயிறு கட்டியதும், துறையில் நின்று அதைப் படகு கட்டும் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மரத்துக்குப் பின்னால் போய், பிள்ளையை வாங்குகிறவர்போல இரண்டு கைகளையும் தூக்கி நின்றார்.

அவருக்கும் பின்னால் அவர் மனைவி சிவகாமசுந்தரி, மடியில் தேங்காய்ப்பழத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். வழக்கம்போலப் பேச்சே இல்லை. இந்த அரைவேக்காட்டுக்கு ஏற்ற வாயில்லாப்பூச்சி என்று அந்த அம்மாள்மீதும் எனக்கு இளக்காரம்தான். இருந்தாலும் அடிபட வேண்டாமே, நகரச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அதற்குள் அந்த அம்மாளே எழுந்தார். தட்டை எடுத்துக்கொண்டு படகைவிட்டு இறங்கி, நேராக என் பக்கத்தில் வந்து நின்றார்.

“வாராவாரம் இங்க உக்காந்து மத்தவங்க எறக்குறதப் பாத்துருக்கேன் அண்ணே. பக்கக் கம்பிய அவுக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும்,” என்றார், சாமி கும்பிடும் குரலில். “நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. கயித்த விடுங்க.”



கயிற்றைக் கட்டையில் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். படகில் தாவி, தனசேகரனை இடுப்போடு கட்டிப் பிடித்துத் துறைக்கு இழுத்து வந்தேன். சாமந்தி மாலை அறுந்து இரண்டு பேர் மேலும் உதிர்ந்தது.

நாயே பேயே என்று கத்தினார். இன்றைக்கே முதலாளியிடம் சொல்லிச் சீட்டைக் கிழிக்கிறேன் பார் என்றார். செய்யக்கூடியவர்தான். எனக்கு மூச்சு வாங்கியது.

சிவகாமசுந்தரி நிதானமாகக் கற்பூரம் ஏற்றினார். கணவருக்குக் காட்டி, நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பி, தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். ஒன்றுக்கும் உதவாதவனைப் பார்க்கிற பார்வை.