கோட்டைச் சாவி

“ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்க சண்டை நடந்ததே சந்தேகம். நடந்திருந்தா, ஜெயிச்சது மூர் ராஜாதான். கிறிஸ்தவ ராஜா மண்டிபோட்டுக் கோட்டைச் சாவியைக் குடுத்திருக்கார்” என்றார் மாட்ரிட்டிலிருந்து வந்த பேராசிரியர்.

பெனால்பா ஊர்க் கூட்டத்தில் சலசலப்பு. மறுநாள் திருவிழா. வருடா வருடம், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்களான மூர்களைக் கிறிஸ்தவ ராஜா ஜெயிப்பதாகத்தான் அந்தச் சண்டையை நடித்துக் காட்டுவார்கள்.

கசாப்புக்கடை எவாரிஸ்தோதான் முதலில் எழுந்தார். “சுத்தப் புளுகு. யார் சொன்னது?”

“பழைய ஏடு ஒண்ணு சொல்லுது.”

“எழுதினவன் சண்டையைப் பாத்தானா?”

“இல்ல. இருநூறு வருஷம் கழிச்சு எழுதினது.”

“அப்ப அதை அடுப்புல போடுங்க. எங்க ஊர் மானத்தை வாங்காதீங்க.”

அவருடைய ஊர்ப்பற்றைக் கண்டு பாதிரியாருக்கே கண் கலங்கியது.

மேயரம்மா யோசித்தார். “படிச்சவர் சொல்றார். நாளைக்கு மூர் ராஜாவே ஜெயிக்கட்டும்.”

எவாரிஸ்தோவின் மச்சினன் ஃபெர்மின் மட்டும் சிரித்தான். “என்ன மாமா, மண்டிபோட முட்டி தாங்குமா?”

எவாரிஸ்தோ தொப்பென்று உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடம் மூர் ராஜாவாக இந்த மச்சினன் முன்னால் மண்டிபோட்டவர், பெண்டாட்டியைத் தூது விட்டு, போன வாரம்தான் அவனோடு வேஷத்தை மாற்றிக்கொண்டிருந்தார்.